ஊசி போட்டதும் முடி கொட்டுதா? சீப்பைப் பார்த்து அழாதே, தட்டைப் பார்!

உடம்பு குறைக்கிற ஊசியை உனக்கு யார் எழுதிக் கொடுத்தது? என் முதல் கேள்வி இதுதான். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தது என்றால் உட்கார்ந்து நிதானமாகப் படி. ஜிம் மாஸ்டர் சொன்னார், பார்லரில் வாங்கினேன், இன்ஸ்டாகிராமில் ஆர்டர் போட்டேன் என்றால், அடுத்த ஊசியைத் தொடாமல் நேரே நான்காவது பாயின்ட்டுக்குப் போ. மற்றதை அப்புறம் படிக்கலாம்.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் வரைக்கும் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற பெண்கள் எத்தனை ஆயிரம் பேர்! வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். இப்படிக் கூட்டமாக இருக்கும் இடத்தில் ஒருத்தி எதையாவது ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் அந்த மாடி முழுக்க அதுதான் பேச்சு. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற ஊசி இந்தியாவுக்கு வந்தது. அதில் இருக்கும் மருந்தின் பெயர் டிர்செபடைடு. ஜூனில் வெகோவி வந்தது, அது செமாகுளுடைடு. செமாகுளுடைடுக்கு இங்கே இருந்த காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிந்துவிட்டதால், நம் ஊர்க் கம்பெனிகளும் அதைக் குறைந்த விலையில் விற்கலாம். அதனால்தான் இப்போதே சொல்லி வைக்கிறேன். விலை இறங்கும்போது யோசிக்காமல் வாங்குகிற கையும் கூடும்.

1. எல்லாப் பழியையும் ஊசிமேல் போடாதே

இந்த மருந்து முடியின் வேரைப் போய்த் தாக்குகிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதே. பெரும்பாலும் நடப்பது வேறு. ஊசி பசியைக் குறைக்கிறது, வயிற்றிலிருந்து சாப்பாடு இறங்குவதையும் தாமதமாக்குகிறது. நாலு வாய் சாப்பிட்டதும் போதும் என்று தோன்றிவிடும். எடை மளமளவென்று இறங்கும். உடம்புக்கு உள்ளே வருவது திடீரென்று குறைந்தால் அது என்ன செய்யும்? சம்பளம் குறைந்த மாதத்தில் வாடகையும் அரிசியும் போக நகைச்சீட்டைத்தானே முதலில் நிறுத்துகிறோம்? உடம்பும் அப்படித்தான். இதயம், மூளை, ஈரல் எல்லாவற்றுக்கும் கொடுத்த பிறகுதான் முடிக்கு. வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பங்கு ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய், பிறகு மொத்தமாக உதிர்கிறது. டாக்டர்கள் இதை டெலோஜன் எஃப்ளூவியம் என்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு கொட்டுவது, டைஃபாய்டோ டெங்குவோ வந்து போனபின் கொட்டுவது, பட்டினி டயட்டில் கொட்டுவது எல்லாம் இதே வகைதான்.

எண்ணிக்கையும் சொல்கிறேன், பயம் குறையும். வெகோவி ஆய்வுகளில் மருந்து போட்டவர்களில் 2.5 சதவீதம் பேர் முடி கொட்டுவதாகச் சொன்னார்கள். மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் அது 1 சதவீதம். எடை அதிகமாக இறங்கியவர்களுக்குத்தான் அதிகமாகக் கொட்டியது. பெரும்பாலானோருக்கு மருந்தைத் தொடரும்போதே சரியாகிவிட்டது. டிர்செபடைடு ஆய்வுகளில் பெண்களில் 7.1 சதவீதம், ஆண்களில் 0.5 சதவீதம். ஆக, இது நம் பக்கம்தான் அதிகம் வருகிறது. ஆனால் நூற்றில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு இது வருவதே இல்லை என்பதையும் சேர்த்துப் படி.

2. காலண்டரை எடு

இன்று கொட்டும் முடிக்குக் காரணத்தை நேற்றில் தேடாதே, இரண்டு மூன்று மாதம் முன்னால் தேடு. அடி விழுவது ஒரு நாள், உதிர்வது அதற்கு இரண்டிலிருந்து நான்கு மாதம் கழித்து. போன வாரம் ஷாம்பூ மாற்றினேன், அதனால்தான் என்று ஷாம்பூவைத் திட்டுகிறாயே, அது பாவம்.

கல்யாணம் வைத்திருப்பவள் இதை இரண்டு தடவை படி. தையில் முகூர்த்தம், ஐப்பசியில் ஊசியை ஆரம்பித்து உடம்பைக் குறைத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறாய். முடி கொட்ட ஆரம்பிப்பது சரியாகத் தையில்தான். ஜடை வைக்கும் நாளில் சவுரியைத் தேடி ஓடுவாய். கல்யாணத்துக்காக அவசர அவசரமாக எடை குறைக்கவே குறைக்காதே. ஊசியானாலும் சரி, வெறும் கஞ்சி டயட்டானாலும் சரி.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லாருக்கும் உள்ளதுதான். வாரம் ஒருமுறை தலை குளிக்கிறவளுக்கு அன்று ஒரு கொத்தாகத் தெரியும். அதைப் பார்த்து அலறாதே. குளித்தவுடன் எண்ணாதே.

3. தட்டு, தட்டு, தட்டு

இதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தாலும் பிரயோஜனம் இல்லை. முடி என்பதே புரதம். ஊசி போடுகிறவள் சாப்பிடும் அளவு பாதியாகக் குறைந்திருக்கும். அந்தப் பாதியையும் சோற்றாலும் ரசத்தாலும் நிரப்பினால் முடிக்கு என்ன மிஞ்சும்?

65 கிலோ இருப்பவள் நாளுக்கு 60 முதல் 70 கிராம் புரதத்தைக் கணக்காக வைத்துக்கொள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டாதே. அவ்வளவு எங்கே கிடைக்கும் என்கிறாயா? முட்டை ஒன்றில் 6 கிராம். பால் ஒரு டம்ளரில் 6 கிராம் போல. கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ காய்ந்த நிலையில் 50 கிராம் எடுத்து வேகவைத்தால் 10 கிராம். வேர்க்கடலை ஒரு கைப்பிடி 7 கிராம். மீல் மேக்கர் 30 கிராமில் 15 கிராம். இந்த விலைக்கு இதைவிட லாபமான பொருள் கடையில் கிடையாது. புரோட்டீன் பவுடர் டப்பாவுக்குக் கொட்டும் காசை மிச்சம் பிடி.

ஷிஃப்ட்டுக்கு ஏற்ற மாதிரி சொல்கிறேன்:

• கேன்டீனில் தட்டை வாங்கியதும் முதலில் முட்டை, சுண்டல், கூட்டில் இருக்கும் பருப்பு. கடைசியில்தான் சோறு. வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும், அதனால் வரிசை முக்கியம். சோற்றில் ஆரம்பித்தால் முட்டை தட்டிலேயே கிடக்கும்.

• சாம்பாரைப் பருப்பு என்று கணக்கில் எழுதாதே. முக்கால்வாசி தண்ணீர். கரண்டியை அடியில் விட்டு ஊற்றச் சொல்லு, வெட்கப்படாதே.

• ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு விடியற்காலை பஸ் என்றால் அந்த நேரத்தில் டிபன் இறங்காது, தெரியும். முந்தின இரவே அவித்த முட்டை இரண்டு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வை. ஃபிரிட்ஜ் இல்லாத ஹாஸ்டல் என்றால் பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் பையில் இருக்கட்டும்.

• நைட் ஷிஃப்ட்டில் நடுராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம். பசியே இல்லையே என்பாய். பசிக்காது, அதற்குத்தானே அந்த மருந்து! பசியை நம்பாதே, கடிகாரத்தை நம்பு. இரண்டு வாய் தயிர்சாதமும் ஒரு முட்டையும் போதும், ஆனால் விடாதே.

• குமட்டல் இருக்கும் நாளில் பரோட்டா, சிக்கன் ரைஸ் பக்கம் போகாதே. எண்ணெய்ச் சாப்பாடு குமட்டலைக் கூட்டும். இட்லி, தயிர், பயறுக் கஞ்சி போதும்.

• டீயும் பிஸ்கட்டும் ஒரு வேளைச் சாப்பாடு ஆகாது. எத்தனை தடவை சொல்வது?

ஹாஸ்டல் மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை, நம்பிக்கை இல்லை என்பவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் ஒரு ஹாஸ்டலில் சாப்பாடு விஷமாகி 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்ததையும், பெண்கள் சாலையில் உட்கார்ந்து கேள்வி கேட்டதையும் இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. சாப்பாடு சரியில்லை என்றால் நாலு பேர் சேர்ந்து வார்டனிடம் எழுதிக் கொடுங்கள். சாப்பிடாமல் இருப்பது அதற்கு வழி இல்லை. தோல் மூடிய பொருள் பாதுகாப்பு: அவித்த முட்டையை நீயே உரி, வாழைப்பழம், வறுத்த கடலை.

தண்ணீரையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். லைனை விட்டு பாத்ரூம் போக ஆள் மாற்றிவிடக் கேட்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் நிற்கிறாய். இந்த ஊசியோடு அது கூடவே கூடாது. மலச்சிக்கல் வரும், தலை சுற்றும், மெஷின் பக்கத்தில் விழுவாய்.

4. இந்த ஊசி உனக்கானதா?

பொதுவாக பி.எம்.ஐ. 30-க்கு மேல் இருப்பவர்களுக்கு. அல்லது 27-க்கு மேல் இருந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற தொந்தரவும் இருப்பவர்களுக்கு. 155 சென்டிமீட்டர் உயரம் இருப்பவள் என்றால் 72 கிலோ, நோய் இருந்தால் 65 கிலோ. நீ 58 கிலோ இருந்துகொண்டு, சுடிதார் இறுக்குகிறது என்று இதைப் போடுகிறாய் என்றால் உன்னைத் திட்டாமல் யாரைத் திட்டுவது? குறைக்க அதிகம் இல்லாத உடம்பில் போய்க் குறைத்தால் சதையும் முடியும்தான் போகும்.

காசையும் பார். மவுஞ்சாரோ வந்த புதிதில் 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். வாரம் ஒன்று. மாதம் 14,000-லிருந்து 17,500 வரை. லைனில் நிற்கும் பல பேருக்கு அது ஒரு மாதச் சம்பளம். யாராவது பாதி விலைக்குத் தருகிறேன் என்றால், எங்கிருந்து தருகிறாய் என்று கேள். போலி செமாகுளுடைடு பல நாடுகளில் பிடிபட்டு, 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது. டாக்டர் சீட்டு, மெடிக்கல் ஷாப், பில் மூன்றும் இல்லாமல் வாங்காதே.

ஒரு ஊசிப் பேனாவை இரண்டு பேர் பகிராதீர்கள். ஊசிமுனையை மாற்றினாலும் கூடாது, ரத்தம் வழியாக நோய் பரவும். மருந்து ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் அல்ல. வெளியே வைத்தால் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. சித்திரை வெயிலில் தகர ஷீட் போட்ட அறை எவ்வளவு சூடு என்று உனக்கே தெரியும்.

5. ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பி

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2019-21-இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வது இது. அதே கணக்கெடுப்பில் 40.4 சதவீதம் பெண்கள் அதிக எடை. உடம்பு பெருத்திருக்கும், உள்ளே இரும்பு இருக்காது. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது நம் ஊரில் சாதாரணம். அப்படிப்பட்டவள் சாப்பாட்டைப் பாதியாக்கினால் முடி கொட்டாமல் என்ன செய்யும்?

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று சந்தோஷப்படாதே. உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டுவது ஃபெரிட்டின். அதையும் தைராய்டையும் டாக்டரிடம் கேட்டுப் பார்த்துவிடு. தைராய்டு குறைந்தாலும் எடை கூடும், முடி கொட்டும். நீ ஊசியைத் திட்டிக்கொண்டிருப்பாய். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் என்றால் உனக்கு இ.எஸ்.ஐ. இருக்கும். மாதாமாதம் பிடிக்கிறார்களே, ஒரு நாளாவது அந்த டிஸ்பென்சரி படி ஏறியிருக்கிறாயா?

இரும்பு மாத்திரை கொடுத்தால் டீயோடு விழுங்காதே, பாலோடும் வேண்டாம். தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து குடித்துவிட்டுப் போடு. சாப்பிட்டு முடித்த கையோடு கேன்டீன் டீயையும் குடிக்காதே, ஒரு மணி நேரம் போகட்டும். முருங்கைக்கீரை கிடைக்கும் நாளில் இரண்டு கரண்டி சேர்த்துப் போட்டுக்கொள்.

6. காசைக் கரைக்கும் கடைகள்

பயோட்டின் மாத்திரைதான் இப்போது எல்லார் பையிலும். பயோட்டின் குறைபாடு என்பதே அபூர்வம், சும்மா போட்டால் முடி முளைக்காது. அதைவிட மோசம், அதிக அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளைத் தப்பாகக் காட்டும். தைராய்டு முடிவு மாறும். மாரடைப்புக்குப் பார்க்கும் டிரோபோனின் கூட மாறலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2017-லேயே எச்சரித்திருக்கிறது. போடுகிறாய் என்றால் ரத்தம் கொடுக்கும் முன் லேபில் சொல்லு.

எண்ணெய் தேய்க்க ஆசையா, தேய். சிக்கு வராது, முனை உடையாது, அம்மா கை ஞாபகமும் வரும். உள்ளே புரதம் இல்லாத வேருக்கு அது சாப்பாடு ஆகாது, அவ்வளவுதான். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெங்காயச் சாறு எல்லாவற்றுக்கும் இதே பதில். ஹாஸ்டல் போர் தண்ணீரின் உப்பு முடியை முரடாக்கும், நடுவில் உடைக்கும். கடைசி மக்கு நல்ல தண்ணீரில் அலசு. தொப்பிக்குள்ளும் ஹேர்நெட்டுக்குள்ளும் அடங்க வேண்டும் என்று நெற்றி தோல் இழுபடக் கொண்டை போடாதே. நாள் முழுக்க இழுத்தால் முன்நெற்றி மேலே ஏறும், அது திரும்ப வராமலே போகலாம். தளர்வாகப் பின்னி மடித்துக்கொள். தலை ஈரம் காயாமல் தொப்பி போடாதே.

7. டோஸில் விளையாடாதே

சீக்கிரம் குறைய வேண்டும் என்று டோஸைத் தாண்டிப் போடுவது, முடியைப் பார்த்துப் பயந்து பட்டென்று நிறுத்துவது, இரண்டுமே தப்பு. முதல் நான்கு வாரம் சின்ன அளவு, அப்புறம் படிப்படியாக என்றுதான் இதை வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ இறங்கினால் போதும். அதைவிட வேகமாக இறங்கினால் டாக்டரிடம் சொல்லு, டோஸை ஏற்றாமல் அங்கேயே நிறுத்தி வைப்பார். நீயாக நிறுத்தினால் எடை திரும்ப ஏறும். செமாகுளுடைடை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்தில் திரும்பிவிட்டது. நிறுத்தி, ஏறி, மறுபடி பட்டினி கிடந்து இறக்கினால் முடிக்கு இரண்டாவது அடி.

குழந்தைக்கு முயற்சி செய்கிறவளுக்கு இந்த ஊசி கூடாது. செமாகுளுடைடு என்றால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். கர்ப்பத்தடை மாத்திரை போடுகிறவள் கவனி: டிர்செபடைடு அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். ஆரம்பித்த நான்கு வாரமும், டோஸ் ஏற்றும்போதெல்லாம் நான்கு வாரமும் ஆணுறை மாதிரி வேறு வழியும் வேண்டும். கூச்சப்பட்டுக் கேட்காமல் இருந்துவிடாதே.

8. எப்போது ஓட வேண்டும்?

மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, முதுகுக்குப் பரவி வாந்தியும் வந்தால் முடியை மற, ஷிஃப்ட்டையும் மற, அன்றைக்கே ஆஸ்பத்திரி. கணையம் வீங்கியிருக்கலாம்.

முடியைப் பொறுத்தவரை தலை முழுக்கப் பரவலாகக் கொட்டினால் பொறு. எடை இறங்குவது நிதானமாகி, சாப்பாடும் சரியானால் சில மாதங்களில் குறையும். நெற்றி ஓரத்தில் குட்டைக் குட்டையாகப் புது முடி நிற்பது தெரியும். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அதனால் ஜடை பழைய கனத்துக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். தோல் டாக்டரிடம் போக வேண்டியது இந்த மூன்றுக்கு: காசு அளவு வட்டமாக வழுக்கை விழுந்தால், நடு வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போனால், ஆறு மாதம் தாண்டியும் கொட்டுவது நிற்காவிட்டால். மினாக்சிடில் என்ற முடி மருந்தைக் கடையில் நீயாக வாங்காதே. கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் அது ஆகாது, ஆரம்பத்தில் முடி கூடவும் கொட்டும், அதைப் பார்த்து இன்னும் பயப்படுவாய்.

போகும்போது வெறுங்கையோடு போகாதே. ஊசி ஆரம்பித்த தேதி, இப்போதைய டோஸ், மாதாமாதம் எடை, போன ஆறு மாதத்தில் வந்த காய்ச்சல், மாதவிலக்கு அதிகமா இல்லையா, போடும் மற்ற மாத்திரைகள், வகிட்டை மாதம் ஒரு தடவை ஒரே வெளிச்சத்தில் எடுத்த போட்டோ. ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போ. உள்ளே போய் உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.